ஜெயிப்பவர் யாரென்று தெரிந்த தேர்தலுக்கு எதற்கு ஓட்டு?

கேள்வி: 13 ஜனவரி 2007

குடியுரிமை போன மாதம்தான் கிடைத்தது. முதல் ஓட்டைப் பிப்ரவரி 27-ல் நடக்கும் சிகாகோ மேயர் தேர்தலில் போட ஆசை. விசாரித்த எல்லோரும் சிரிக்கிறார்கள். டேலி 1989 முதல் இருக்கிறார், அவர் அப்பா அதற்கு முன்னால் 21 வருடம் இருந்தார், முடிவு தெரிந்த நாடகத்துக்கு ஏன் டிக்கெட் வாங்குகிறாய் என்கிறார்கள். இந்தக் குளிரில் போய் ஓட்டுப் போட்டு ஆகப்போவது என்ன?

13 ஜனவரி 2007, இரவு

ஆகப்போவது ஒன்றுமில்லை. டேலிதான் ஜெயிப்பார். 70 சதவீதத்துக்குக் குறையாது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நானும் அவருக்குத்தான் போடப்போகிறேன்.

அப்பா ரிச்சர்ட் ஜே. டேலி 1955-ல் வந்தார், 1976 டிசம்பரில் பதவியிலேயே இறந்தார். மகன் ரிச்சர்ட் எம். டேலி 1989 ஏப்ரலில் வந்தார். நடுவே பன்னிரண்டு வருடத்தில் நான்கு பேர். அந்தப் பன்னிரண்டு வருடத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பதினெட்டு வருடத்தின் அருமை புரியும். 1983-ல் இதே மகன் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்று இரண்டாவதாக வந்து தோற்றவர்தான். ஆகவே பிறவி மேயர் என்று யாரும் இல்லை.

ஏன் அவருக்கு என்று கேட்பீர்கள். பனி பெய்தால் விடியற்காலையில் என் தெருவில் வண்டி வந்துவிடுகிறது. குப்பை போகிறது. சாலை நடுவே பூச்செடி வைத்திருக்கிறார். வேறு பெருநகரங்களில் இருந்துவிட்டு வந்தவன் நான், எனக்கு இது போதும்.

14 ஜனவரி 2007

இரண்டு பிழை. 1983-ல் அவர் வந்தது மூன்றாவதாக. ஹரால்ட் வாஷிங்டன் 36 சதவீதம், பதவியில் இருந்த ஜேன் பெர்ன் 33, டேலி 30. நடுவே இருந்தவர்களும் நான்கு அல்ல. 1987 நவம்பரில் வாஷிங்டன் மேயர் அறையிலேயே மாரடைப்பில் சாய்ந்தபின் டேவிட் ஆர் ஒரு வாரம் பொறுப்பு மேயர். அவரைச் சேர்த்தால் ஐந்து. ஒரு வாரம் இருந்தவரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். வரலாறு படித்தவள், விடமாட்டாள்.

16 ஜனவரி 2007

"பனி அள்ளுவதற்காகவா ஓட்டு?" என்று இன்னொருவர் கேலி செய்திருக்கிறார். கேலி வேண்டாம். இந்த ஊரில் ஒரு மேயரைப் பனி தின்றிருக்கிறது.

1979 ஜனவரி நடுவில் சுமார் 20 அங்குலம் கொட்டியது. அதற்கு முன்பே தரையில் இருந்த பனியின்மேல். மேயர் மைக்கேல் பிலாண்டிக் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், வெளியே பார்த்தால் கார் எங்கே புதைந்திருக்கிறது என்றே தெரியாது. ரயில்கள் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிற்காமல் போயின. அந்தக் கோபம் பிப்ரவரி 27-ல், உட்கட்சித் தேர்தலில் வெடித்தது. யாரும் பொருட்படுத்தாத ஜேன் பெர்ன் ஜெயித்தார். தேதியைக் கவனித்தீர்களா? அதே பிப்ரவரி 27, அதே செவ்வாய்.

தேர்தலை ஏன் இந்த மாதத்தில் வைக்கிறார்கள் என்று இங்கே வந்த புதிதில் கேட்டேன். குளிரில் யாரும் வரமாட்டார்கள், சொந்த ஆட்கள் மட்டும் வருவார்கள், அதற்குத்தான் என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

23 ஜனவரி 2007

நேற்று ஒபாமா டேலிக்கு ஆதரவு தெரிவித்துவிட்டார். ஜனாதிபதி பதவிக்கு நிற்கப்போகிறவருக்கு உள்ளூரில் பகை வேண்டாம். இதற்குள் ஒரு கிளைக்கதை: 1999-ல் டேலியை எதிர்த்து நின்று படுதோல்வி அடைந்தவர் பாபி ரஷ். தோற்றவர்தானே, இனி எளிது என்று நினைத்து அடுத்த வருடம் ரஷ்ஷின் காங்கிரஸ் தொகுதியில் அவரை எதிர்த்து நின்றவர் ஒபாமா. ரஷ் அவரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார். டேலியிடம் தோற்றவரிடம் தோற்றவர் இன்று எங்கே இருக்கிறார் பாருங்கள்.

இந்த முறை எதிரே நிற்பவர்கள் இரண்டு பேர். கவுண்டி நீதிமன்ற எழுத்தர் டோரத்தி பிரவுன், டாக் வால்ஸ். உண்மையான போட்டியைக் கொடுக்கக்கூடிய ஜெஸ்ஸி ஜாக்ஸன் ஜூனியரும் லூயிஸ் குட்டியரஸும் யோசித்துப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். நவம்பரில் காங்கிரஸில் அவர்கள் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்துவிட்டது. அங்கே நல்ல நாற்காலி இருக்கும்போது இங்கே வந்து யார் அடிவாங்குவார்?

5 பிப்ரவரி 2007

நேற்று எங்கள் சிகாகோ பேர்ஸ் அணி அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் தோற்றது. ஊரே துக்க வீடு. அந்தத் துக்கத்திலும், மூக்கு உறையும் குளிரிலும், பெரியவர் கதவைத் தட்டினார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வாக்குச்சாவடிக்கு அவர்தான் 'கேப்டன்'. நம் ஊர்க் கணக்கில் வட்டச் செயலாளர் என்று வையுங்கள், ஆனால் துண்டு கிடையாது. தெருவில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யாருக்கு முட்டிவலி, யார் மகள் கல்லூரிக்குப் போயிருக்கிறாள் என்பதெல்லாம் அவர் கையிலுள்ள அட்டைக் கட்டில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். காதுமூடிய தொப்பியைக் கழற்றாமலே சமையலறை மேசையில் உட்கார்ந்து, மனைவி கொடுத்த காபியை ஊதி ஊதிக் குடித்தார். டேலி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வேறு ஏதாவது குறை உண்டா?" என்றார். முனையில் தெருவிளக்கு எரியவில்லை என்றேன். பென்சிலை நாக்கில் தொட்டுக் குறித்துக்கொண்டார்.

7 பிப்ரவரி 2007

விளக்கு எரிகிறது. இரண்டே நாள்.

இதற்குமேல் என்ன வேண்டும்?

9 பிப்ரவரி 2007

"நீங்கள் விளக்குக் கம்பத்தோடு நின்றுவிட்டீர்கள்" என்கிறார் ஒருவர். நியாயம். பட்டியல் போட்டிருக்கிறார், நான் மறுக்க முடியாத பட்டியல்.

நகராட்சி வாடகைக்கு எடுத்த லாரிகள் வேலையே செய்யாமல் நின்றுகொண்டு காசு வாங்கியது 2004-ல் வெளிவந்தது. வேலைக்கு ஆள் எடுப்பதில் கட்சிக்காக உழைத்தவர்களுக்கு மோசடியாக மதிப்பெண் போட்டுக் கொடுத்ததற்காக மேயர் அலுவலகத்தின் ராபர்ட் சோரிச் போன ஜூலையில் குற்றவாளி என்று தீர்ப்பானது. மெய்க்ஸ் ஃபீல்ட் விமான நிலையம்: 2003 பிப்ரவரியில் 78 சதவீதம் வாங்கி ஜெயித்தார், அடுத்த மாத இறுதியில் நள்ளிரவில் புல்டோசர் அனுப்பி ஓடுபாதையில் பெருக்கல் குறி மாதிரி பள்ளம் தோண்டினார். பதினாறு விமானங்கள் சிக்கிக்கொண்டன. யாரிடமும் கேட்கவில்லை. ஜெயித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். தேர்தலுக்கு முந்தைய மாதம் இதைச் செய்திருப்பாரா?

பட்டியலில் கடைசியாக இருப்பதை நான் முதலில் வைத்திருக்க வேண்டும். காவல் அதிகாரி ஜான் பர்ஜும் அவர் கீழ் இருந்தவர்களும் 1970-களிலும் 80-களிலும் கறுப்பினச் சந்தேக நபர்களுக்கு மின்சாரம் பாய்ச்சி, முகத்தை மூடி மூச்சுத் திணறவைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். 1982-ல் ஒரு கைதியின் உடலில் இருந்த காயங்களைப் பற்றிக் காவல்துறைத் தலைவரே அரசு வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினார். அரசு வழக்கறிஞர் யார்? டேலி. வழக்கு வரவில்லை. போன வருடம் சிறப்பு வழக்கறிஞர்களின் அறிக்கை வந்தபோது காலம் கடந்துவிட்டது, வழக்குப் போட முடியாது என்றார்கள். நான் வடமேற்குப் பகுதியில் உட்கார்ந்துகொண்டு "நகரம் நன்றாக நடக்கிறது" என்று எழுதும் வரியைத் தெற்குப் பகுதியில் ஒருவர் படித்தால் என்ன நினைப்பார் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யாருக்கு ஓட்டு என்பதில் இப்போது எனக்கே உறுதியில்லை.

15 பிப்ரவரி 2007

பனி. பெரியவர் தன் காரை வெளியே எடுத்த இடத்தில் ஒடிந்த சமையலறை நாற்காலி ஒன்றையும், அதன்மேல் ஒரு வாளியையும் வைத்திருக்கிறார். நீங்கள் அள்ளிய இடம் உங்களுடையது என்பது இந்த ஊரின் எழுதாத சட்டம். சட்டப்புத்தகத்தின்படி தப்பு. ஆனால் அந்த நாற்காலியைத் தொட்டவனின் காரைப் பிறகு யாரும் காப்பாற்ற முடியாது. டேலியும் பதவி விஷயத்தில் இப்படி ஒரு நாற்காலியைத்தான் போட்டு வைத்திருக்கிறார் என்றேன் மனைவியிடம். "அதுவும் அப்பா அள்ளிய இடம்" என்றாள்.

28 பிப்ரவரி 2007, அதிகாலை

சொல்ல மறந்திருந்தேன், வாக்குச்சாவடியில் தேர்தல் நடுவர்களில் ஒருவனாக உட்கார்ந்தேன். காலை ஐந்து மணிக்கு ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டும். ஆறு முதல் ஏழு வரை வாக்குப்பதிவு. ஏழு என்றால் இரவு ஏழு.

வாக்குச்சீட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நடுவே உடைந்த அம்பு ஒன்று இருக்கும். தலைக்கும் வாலுக்கும் நடுவே கோடு இழுத்து இணைக்க வேண்டும். வயதான அம்மா ஒருவர் மூன்று பெயர்களுக்கும் கோடு இழுத்துவிட்டு வந்தார். எந்திரம் துப்பிவிட்டது. புதுச் சீட்டுக் கொடுத்தோம். "யாரையும் வருத்தப்பட வைக்க வேண்டாமே என்று பார்த்தேன்" என்றார்.

மதியம் இரண்டு முதல் மூன்று வரை ஒரே ஒரு ஆள். கூடத்தில் யாரோ விட்டுப்போன கூடைப்பந்தை எதிர்க்கட்சி நடுவர் எடுத்து வளையத்தில் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி என்றால் குடியரசுக் கட்சி. மேயர் தேர்தல் 1999 முதல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது, ஆனாலும் மேசையில் இரண்டு கட்சி ஆட்களும் இருந்தாக வேண்டும்.

டேலி 71 சதவீதம். பிரவுன் 20. வால்ஸ் 9. நான் 70 என்று சொன்னது நினைவிருக்கட்டும். ஓட்டுப் போட்டவர்கள் மூன்றில் ஒருவர்தான். எழுபத்தொன்றை மூன்றால் வகுத்துப் பார்த்தால் பதிவான வாக்காளர்களில் நாலில் ஒருவருக்கும் குறைவு.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அம்பின் முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். டேலிக்கே போட்டேன்.

1 மார்ச் 2007

மனைவி இன்று படித்துவிட்டுச் சிரிக்கிறாள். தெருவிளக்குக்காக அவள் நகராட்சியின் புகார் எண்ணான 311-க்கு ஜனவரி 29 அன்றே போன் செய்திருக்கிறாள். புகார் எண் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் ஒரு மாதமாக இருக்கிறது. நான் பார்க்கவில்லை. 1999-ல் டேலி கொண்டுவந்த எண்தான் அது என்று நான் வாதாடினேன். "அப்படியானால் அவரே தன் கேப்டன்களுக்கு வேலையில்லாமல் செய்திருக்கிறார்" என்றாள்.

பெரியவரிடம் சொல்லப்போவதில்லை.

18 ஏப்ரல் 2007

நேற்று மறுதேர்தல். 27-ம் தேதி ஐம்பது சதவீதம் எட்டாத வார்டுகளில் முதல் இருவருக்கு இடையே. பதவியில் இருந்த கவுன்சிலர்கள் பலர் காலி. பிப்ரவரியிலேயே நகர மையத்தின் 42-வது வார்டில் 1971 முதல் இருந்த பர்ட்டன் நடாரஸ் புதியவர் பிரெண்டன் ரெய்லியிடம் தோற்றுவிட்டார். மேயரை அசைக்க முடியாத அதே நாளில் 36 வருட ஆலமரம் சாய்ந்தது. இதை எண்ணிப் பார்க்காமல்தான் "ஆகப்போவது ஒன்றுமில்லை" என்று நான் ஜனவரியில் எழுதினேன். சீட்டில் முதல் அம்பை மட்டும் பார்த்தவனின் பேச்சு. கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் ஓட்டு மேயருக்கு வேண்டியிருக்கவில்லை, உங்கள் வார்டுக்கு வேண்டியிருந்தது.

அந்தக் கவுன்சிலர்கள் ஐம்பது பேரும் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு செய்தி. பெருங்கடைகளுக்குக் கூடுதல் குறைந்தபட்ச ஊதியம் என்ற தீர்மானத்தைப் போன செப்டம்பரில் டேலி ரத்து செய்தார். 17 வருடத்தில் அது அவருடைய முதல் ரத்து. அதுவரை அவருக்குப் பிடிக்காததை மன்றம் நிறைவேற்றுவது அபூர்வம். மேயர் ஹரால்ட் வாஷிங்டன் காலத்தில் இதே மன்றத்தில் 29 பேர் எதிரணியில் நின்று அவரை மூச்சுவிட விடவில்லை. அதைப் பார்த்தவர்களுக்கு இது நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கும் இருந்தது.

6 டிசம்பர் 2008

ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வருகிறேன். காரணம் பார்க்கிங் மீட்டர்.

நகரத்தின் 36,000 மீட்டர்களையும் 75 வருடத்துக்குத் தனியாருக்குக் குத்தகை விட்டாயிற்று. சுமார் 115 கோடி டாலர். செவ்வாய்க்கிழமை அறிவித்தார், வியாழக்கிழமை மன்றம் நிறைவேற்றியது. 40-க்கு 5. இரண்டு நாளில் அந்த ஒப்பந்தத்தை யார் படித்திருக்க முடியும்? என் வீட்டுக் கூரைக்கு ஒப்பந்தம் போட நான் மூன்று வாரம் எடுத்தேன்.

2083 வரை. என் மகளுக்கு இப்போது ஆறு வயது.

14 மார்ச் 2009

மணிக்கு 25 சென்ட் இருந்த இடத்தில் ஒரு டாலர். 2013-ல் இரண்டு டாலர் ஆகும். நகர மையத்தில் மூன்றாக இருந்தது அப்போது ஆறரை ஆகும். கால்சட்டைப் பை நிறையச் சில்லறையோடு நடக்கிறேன், நடந்தால் உண்டியல் சத்தம் கேட்கிறது. பெரியவர் சலவைக்கூடத்தில் இருபது டாலருக்குச் சில்லறை மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முதன்முறையாக அவர் குறை கேட்கவில்லை.

4 ஜூன் 2009

நகரத்தின் தலைமை ஆய்வாளர் அறிக்கை. மீட்டர்களைத் தன்னிடமே வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 97 கோடி டாலர் குறைவாக வாங்கிவிட்டார்கள் என்கிறார். நகரம் மறுக்கிறது.

2007-ல் நான் எழுதிய "எனக்கு இது போதும்" என்ற வரியை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

3 அக்டோபர் 2009

கோபன்ஹேகனில் 2016 ஒலிம்பிக் வாக்கெடுப்பில் சிகாகோ முதல் சுற்றிலேயே வெளியே. 18 ஓட்டு. டேலி சதுக்கத்தில் பெரிய திரை வைத்து ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். அந்தச் சதுக்கம் அப்பா டேலி பெயரில். முடிவு தெரியாத தேர்தலில் நின்று பழக்கம் விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் கொடுமையான கிண்டல், சிரித்துவிட்டேன்.

8 செப்டம்பர் 2010

நிற்கமாட்டாராம். நேற்று அறிவித்துவிட்டார்.

மனைவிக்கு உடல்நிலை சரியில்லை என்பது ஊரறிந்தது. நிதிப் பற்றாக்குறை, மீட்டர் கோபம் எல்லாம் சேர்ந்திருக்கலாம். யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் 2011 பிப்ரவரிக்காக மனதில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன், எதிர்ப்பக்கத்து அம்புக்கு. அந்த வாய்ப்பும் போயிற்று.

27 டிசம்பர் 2010

நேற்றோடு அப்பாவின் சாதனையைத் தாண்டிவிட்டார். இரண்டு பேரையும் கூட்டினால் 55 வருடத்தில் 43-க்கு மேல்.

4 பிப்ரவரி 2011

21 அங்குலம். லேக் ஷோர் டிரைவில் நூற்றுக்கணக்கான கார்கள் இரவெல்லாம் பனியில் சிக்கி, மறுநாள் படம் உலகம் முழுக்கப் போயிற்று. பதவியின் கடைசிக் குளிர்காலத்தில். இதே பனி ஒரு வருடம் முன்னால், அவர் வேட்பாளராக இருந்து வந்திருந்தால்?

பெரியவர் வீட்டு வாசலில் இந்த முறை நாற்காலி இல்லை. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் கார் ஓட்டுவதில்லை. நான்தான் அவர் படிகளை அள்ளினேன். அட்டைக் கட்டைப் பற்றிக் கேட்டேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம், யாரும் கேட்கவில்லையாம்.

23 பிப்ரவரி 2011

ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் தலைமை அதிகாரியாக இருந்த ரஹ்ம் இமானுவேல், 55 சதவீதம், முதல் சுற்றிலேயே. ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஒரு வருடமாக ஊரில் வசிக்கவில்லை என்று பெயரை நீக்கியது, மூன்று நாளில் மாநில உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது. வாஷிங்டன் டி.சி.க்குப் போகும்போது வாடகைக்கு விட்ட வீட்டைக் குடியிருப்பவர் காலி செய்ய மறுத்ததில் ஆரம்பித்த வினை. வீட்டை வாடகைக்கு விடும்போது யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் என் மாமனாரிடம்கூட இல்லை.

1 மார்ச் 2023

பன்னிரண்டு வருடம் கழித்து வருகிறேன். நேற்றுத் தேர்தல். ஒன்பது வேட்பாளர்கள். பதவியில் இருந்த லோரி லைட்ஃபுட் மூன்றாவதாக வந்து வெளியே போய்விட்டார். தேர்தலில் வென்று வந்த மேயர் ஒருவர் இப்படித் தோற்பது 1983-ல் பெர்ன் தோற்றதற்குப் பிறகு இப்போதுதான்.

முதல் கேள்வியைக் கேட்ட தம்பியை இத்தனை வருடத்தில் நான்கைந்து முறை நேரில் பார்த்திருக்கிறேன். நேற்றுக் காலை ஐந்து மணிக்கு அதே உடற்பயிற்சிக் கூடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், நடுவராக. தலை நரைத்துவிட்டது. தெர்மாஸ் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தார். "யார் ஜெயிப்பார்?" என்று கேட்டேன். "சத்தியமாகத் தெரியாது" என்றார்.

இரவு எண்ணி முடித்தபோது பால் வாலஸும் பிராண்டன் ஜான்சனும் முன்னால் இருந்தார்கள், இருவருமே ஐம்பதைத் தொடவில்லை. ஏப்ரல் 4-ல் மறுதேர்தல். எந்திரத்துக்கு முத்திரை வைத்துக்கொண்டே தம்பி முனகினார்: "டேலி இருந்திருந்தால் ஒரு தடவை வந்தால் போதும்."